தக்காளி பூக்கவில்லையா? உரத்துக்கு முன் வெயிலைப் பாருங்கள்

மாடித்தோட்ட ஆலோசனைக்கு வருபவர்கள் பெரும்பாலும் கேட்பது இதுதான்: "செடி நெட்டையா, வெளிறிப்போய் நிக்குது. பூவே வைக்கல. என்ன உரம் போடலாம்?" நேரடி வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது என்று கேட்டால், "வெளிச்சம் நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். சிக்கலே அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

நம் கண் மங்கலான இடத்துக்கும் பழகிவிடும். உச்சிவெயிலில் மொட்டைமாடியில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ் வெளிச்சம். ஜன்னலை விட்டுத் தள்ளியிருக்கும் ஹாலில் சில நூறு லக்ஸ்தான். செடிக்கு இது சாப்பாட்டுப் பிரச்சினை.

இலையிலுள்ள பச்சையம் முக்கியமாகச் சிவப்பு, நீல ஒளியை உறிஞ்சுகிறது. அந்த ஆற்றலில் தண்ணீர் பிளந்து ஆக்சிஜன் வெளியேறுகிறது. இலைத்துளை வழியாக வந்த கரியமில வாயு சர்க்கரையாகிறது. மொத்தக் கணக்கில் 6 மூலக்கூறு கரியமில வாயு, 6 மூலக்கூறு தண்ணீர், கிடைப்பது 1 குளுக்கோஸ், 6 ஆக்சிஜன். இந்தச் சர்க்கரைதான் சுக்ரோஸாக மாறி வேருக்கும் காய்க்கும் போகிறது. இரவில் சுவாசிக்கவும் இதிலிருந்துதான் செலவு. வரவு குறைந்தால் செடி முதலில் கைவிடுவது பூவையும் பிஞ்சையும்தான்.

அப்போ உரம்? பச்சையம் உருவாகத் தழைச்சத்து வேண்டும், சரி. ஆனால் அது சர்க்கரையாகாது. பிரசல்ஸைச் சேர்ந்த விஞ்ஞானி வான் ஹெல்மாண்ட் 17ஆம் நூற்றாண்டிலேயே ஒரு வில்லோ கன்றைத் தொட்டியில் நட்டு, 5 வருடம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் சுமார் 74 கிலோ கூடியது. மண் குறைந்ததோ 60 கிராம்கூட இல்லை. எல்லாம் தண்ணீரிலிருந்து வந்தது என்று அவர் முடிவுகட்டினார். காற்றின் பங்கு அவருக்குத் தெரியவில்லை, பாவம்.

நிழலில் நிற்கும் செடிக்கு யூரியாவைக் கொட்டினால் மெலிந்த தண்டும் இளந்தளிரும்தான் வரும். சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சிக்குக் கொண்டாட்டம்.

தக்காளி, கத்தரி, மிளகாய்க்குக் குறைந்தது 6 மணி நேர நேரடி வெயில் வேண்டும். கோடைக்குக் கட்டிய நிழல்வலையை மழைக்காலத்திலும் அப்படியே விட்டுவைக்காதீர்கள். மேகமூட்டத்தில் ஏற்கெனவே வெளிச்சம் குறைவு. இலையில் படியும் தூசியையும் அவ்வப்போது தண்ணீர் தெளித்துக் கழுவுங்கள். வெயிலே வராத பால்கனி என்றால் தக்காளியை விட்டுவிட்டு வெற்றிலைக் கொடி வையுங்கள். கொடிக்கால்களில் அதற்கு நிழல் தரவே அகத்தி வளர்க்கிறார்கள்.