பழைய லென்ஸைத் திறக்கும் முன் டார்ச்சைக் கையில் எடுங்கள்

மறுபடியும் ஒன்று சர்வீஸுக்கு வந்துவிட்டது. ஹீலியோஸ் 44-2, பழைய சோவியத் லென்ஸ். கண்ணாடியைப் பிடித்திருக்கும் வளையத்தைச் சுற்றிலும் ஸ்க்ரூடிரைவர் வழுக்கிய கீறல்கள். முன் கண்ணாடியில், பிரதிபலிப்பைக் குறைக்கும் கோட்டிங்கைத் துணியால் அழுத்தித் தேய்த்ததில் வட்ட வட்டமாகத் தடம். லென்ஸ்காரர் வீட்டில் ஒரு மோதிரத்தை க்ளோசப் எடுத்திருக்கிறார், படத்தில் புகை மூட்டம். "உள்ளே ஃபங்கஸ் சார், அதான் திறந்து துடைச்சேன்" என்கிறார். ஃபங்கஸ் என்றால் பூஞ்சை. படத்தை வாங்கிப் பார்த்தேன். மூட்டம் நடுவில் மட்டும், வட்டமாக இருந்தது. ஃபங்கஸ் அப்படித் தெரியவே தெரியாது. நன்றாக இருந்த கண்ணாடியின் கோட்டிங் போனதுதான் மிச்சம். அதை என்னால் திருப்பிக் கொண்டுவர முடியாது.

பழைய லென்ஸில் படம் மங்கினால் ஃபங்கஸ்தான் என்ற நினைப்பை யார் கிளப்பிவிட்டார்களோ! கண்ணாடியின் மேலோ உள்ளேயோ இருக்கும் புள்ளி எதுவும் படத்தில் புள்ளியாக விழாது. அது ஃபோகஸுக்கு வெகு தூரம் வெளியே இருக்கிறது. ஓரத்தில் சின்னதாகப் படர்ந்த ஃபங்கஸ் படத்தைப் பெரும்பாலும் ஒன்றுமே செய்யாது. நிறையப் படர்ந்தால் கான்ட்ராஸ்ட் குறையும். ஆனால் எல்லாப் படத்திலும் குறையும். பக்கத்தில் எடுத்தாலும் தூரத்தில் எடுத்தாலும் குறையும். ஜன்னல் வழியே எதிர்வீட்டைத் தெளிவாக எடுக்கிற லென்ஸ், மேஜைமேல் இருக்கும் மோதிரத்துக்கு மட்டும் மங்குகிறது என்றால் தப்பு கண்ணாடியில் இல்லை. இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

சந்தேகமா, டார்ச் அடித்துப் பாருங்கள். அப்பர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் துளையை, முழுக்கத் திறந்து, இருட்டறையில் பின்பக்கமிருந்து சாய்வாக அடித்து, முன்பக்கம் வழியாகப் பார்க்க வேண்டும். நூல் நூலாகக் கிளை பிரிந்திருந்தால் ஃபங்கஸ். சீரான பால்நிறப் படலம் என்றால் ஹேஸ். பல சமயம் உள்ளே இருக்கும் கிரீஸ் ஆவியாகிப் படிந்தது. அந்த இரண்டுக்கும் சர்வீஸுக்கு வாருங்கள். தூசு தெரிந்தால் விட்டுவிடுங்கள். டார்ச் வெளிச்சத்தில் புது லென்ஸ்கூட அழுக்காகத்தான் தெரியும்.

அப்புறம் மூட்டம் எங்கிருந்து வருகிறது? பாதி நேரம் எக்ஸ்டென்ஷன் ட்யூபிலிருந்து, அதாவது க்ளோசப்புக்காக கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டும் வெற்றுக் குழாயிலிருந்து. மலிவான ட்யூபின் உட்சுவர் பளபளக்கும். லென்ஸை முன்னே தள்ளத் தள்ள அதன் ஒளிவட்டம் பெரிதாகி, சென்சாருக்கு வெளியே விழும் வெளிச்சம் அந்தச் சுவரில் பட்டுச் சிதறுகிறது. உள்ளே கறுப்பு வெல்வெட் தாள் ஒட்டுங்கள், வித்தியாசம் உடனே தெரியும். இன்னொன்று, டிஜிட்டல் சென்சார் ஃபிலிமைவிட அதிகமாக ஒளியைத் திருப்பி அடிக்கும். ஃபிலிமுக்காகச் செய்த லென்ஸின் பின் கண்ணாடி அதை மறுபடி சென்சாருக்கே அனுப்பும்போது நடுவில் வெளிறிய வட்டம் விழுகிறது. மோதிரக்காரருக்கு நடந்தது இதுதான். அப்பர்ச்சரை ஒரு ஸ்டாப் (ஒளி இரண்டு மடங்காகும் அளவு) திறந்து, விளக்கைக் கொஞ்சம் நகர்த்திப் பார்த்திருந்தாலே போதும். விளக்கு நேராக முன் கண்ணாடியில் அடிக்கிறதா என்றும் பாருங்கள். ஹூட் (முன்னால் மாட்டும் ஒளித்தடுப்பு) இல்லாவிட்டால் கறுப்பு அட்டையைச் சுருட்டி மாட்டுங்கள்.

மூட்டம் இல்லை, ஷார்ப்பாக இல்லை என்கிறீர்களா? எம்42 என்ற மரை மவுண்ட் உள்ள ஆட்டோ லென்ஸ் என்றால் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன ஊசியைக் கவனியுங்கள். அடாப்டர் அதை அழுத்தாவிட்டால் வளையத்தை எஃப்/8-க்குத் திருப்பினாலும் (எண் கூடினால் துளை சிறிது) அப்பர்ச்சர் இலைகள் மூடாது. ஆட்டோ, மேனுவல் என்று ஸ்விட்ச் இருந்தால் மேனுவலில் வையுங்கள். ஃபுல் ஃப்ரேமில் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார்) பொருளை அதன் நிஜ அளவுக்கே எடுக்கும்போது, எஃப்/2.8-இல் ஃபோகஸில் நிற்பது சுமார் 0.3 மி.மீ. மட்டுமே. எஃப்/8-இலும் 1 மி.மீ.தான். கையில் பிடித்து எடுத்தால் மூச்சு விடுவதிலேயே அது நழுவிவிடும். ட்ரைபாட், டைமர், நிறைய வெளிச்சம். அந்த நெருக்கத்தில் ட்யூப் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்றுவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

வேறு சில விஷயங்கள், தயவுசெய்து கேளுங்கள். பழைய ஃபிளாஷைப் புது கேமராவில் சோதிக்காமல் மாட்டாதீர்கள். சிலவற்றில் ஃபிளாஷை இயக்கும் தொடர்பில் வரும் ட்ரிகர் வோல்டேஜ் 200-ஐத் தாண்டும், கேமராவின் சர்க்யூட் போய்விடும். மூடி இல்லாத லென்ஸை வெயில் விழும் ஜன்னலோரம் வைக்காதீர்கள், தீப்பிடிக்கும், விளையாட்டில்லை. லென்ஸைத் திருப்பி மாட்டி எடுக்கிறவர்கள், வெளியே தெரியும் பின் கண்ணாடியைப் பொருளில் இடித்துவிடாதீர்கள். சூப்பர் டக்குமார் 50 மி.மீ. எஃப்/1.4 மஞ்சளடித்திருந்தால் அது அழுக்கல்ல, கதிரியக்கமுள்ள தோரியம் கலந்த கண்ணாடி நாளாக நாளாக நிறம் மாறியது. துடைத்தால் போகாது, புற ஊதா விளக்கில் வைத்தால் தெளியும். அந்தக் கண்ணாடியைச் சுரண்டவோ தேய்க்கவோ கூடாது. நிஜமாகவே ஃபங்கஸுக்குப் பயந்தால், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்தில் இருக்கும்படி வையுங்கள்.

சரி, ஏற்கெனவே திறந்துவிட்டீர்கள் என்றால் அதற்குமேல் கை வைக்க வேண்டாம். ஹெலிகாய்டை, அதாவது ஃபோகஸுக்காக லென்ஸை முன்பின் நகர்த்தும் மரைக் குழாயை, வேறு மரையில் ஏற்றினால் தூரத்து ஃபோகஸ் போய்விடும். கண்ணாடி தலைகீழாக உட்கார்ந்தால் எதுவுமே தெளியாது. கழன்ற பாகங்களைக் கழன்ற வரிசையிலேயே ஒரு டப்பாவில் வைத்து எடுத்து வாருங்கள். கழற்றும்போது ஃபோனில் ஏதாவது படம் எடுத்திருந்தால் அதையும் காட்டுங்கள். எதைத் தொட்டீர்கள், எதில் துடைத்தீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். ஸ்பிரிட் போட்டிருந்தால் அதை முதலில் சொல்லுங்கள்; பசையால் ஒட்டிய கண்ணாடிகளின் ஓரத்தில் அது பசையைக் கெடுத்திருக்கலாம், நான் அங்கிருந்துதான் பார்க்க ஆரம்பிக்க வேண்டும்.