30 மில்லிகிராம் மெத்தடோன் ஐந்தாம் நாளில் எப்படி 58 ஆகிறது

விடியும்போது பிரட்டு, அதாவது வேலைக்குப் பெயர் கூப்பிடும் வரிசை, வெளிச்சம் வந்ததும் செம்பனைக் காடு. டவுனில் அரசாங்கக் கிளினிக் திறப்பதோ எட்டு மணிக்கு. சுங்கை சிப்புட், பீடோர் மாதிரித் தோட்டப்புற ஊர்களில், ஹெராயின் பழக்கத்துக்குத் தரும் மெத்தடோன் சிகிச்சைக்குப் போகிறவருக்கு முதல் முட்டுக்கட்டை இந்த நேரக்கணக்குதான். மலேசியாவில் 2005-இல் தொடங்கிய இந்தச் சிகிச்சை அரசாங்கக் கிளினிக்கில் இலவசம். ஆனால் ஆரம்பத்தில் தினமும் நேரில் போய், அங்குள்ளவர்கள் கண்முன்னே சிரப்பைக் குடித்துக் காட்ட வேண்டும். துணை நிற்க விரும்பும் கூட்டாளி, வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் பேசி அந்த ஒரு மணி நேரத்தை வாங்கிக் கொடுக்கலாம், மோட்டாரில் ஏற்றிக்கொண்டு போகலாம். முதல் இரண்டு வாரம் மருந்து கண்ணைச் செருக வைக்கும், சிகிச்சை எடுப்பவரே மோட்டார் ஓட்டுவது சரிவராது. புத்திமதியெல்லாம் பிறகு.

ஹெராயினும் மெத்தடோனும் மூளையில் ஒரே இடத்தில்தான் போய் ஒட்டுகின்றன. வித்தியாசம் வேகத்தில். ஹெராயின் சட்டென்று ஏறி, சில மணி நேரத்தில் இறங்கிவிடும். இறங்கியதும் மூக்கொழுகல், வயிற்றுப்போக்கு, எலும்புக் குடைச்சல், மறுபடி வேண்டும் என்ற கியான். மெத்தடோன் மெல்ல ஏறி ஒரு நாளுக்கு மேல் தாங்கும். அளவு சரியாக அமைந்தால் போதையும் இல்லை, குடைச்சலும் இல்லை. மேலே ஹெராயின் அடித்தாலும் பழைய போதை கிடைக்காது. "ஒரு போதையை விட்டு இன்னொரு போதை" என்று கேலி பேசுகிறவர்கள் இந்த வேக வித்தியாசத்தை விட்டுவிட்டுப் பேசுகிறார்கள்.

மெல்ல இறங்குவதால்தான் அது சேரும். உடம்பில் உள்ள மெத்தடோன் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு நாள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஆள் இது நிறைய மாறும். முதல் நாள் 30 மில்லிகிராம் குடிக்கிறார். மறுநாள் அதில் 15 மிச்சம், புதிதாக 30, ஆக 45. மூன்றாம் நாள் 52. நான்காம் நாள் 56. ஐந்தாம் நாள் 58. குடித்த அளவு ஒரு சொட்டுகூடக் கூடவில்லை, உடம்பில் இருப்பது ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால்தான் மருத்துவர் 20, 30 மில்லிகிராமில் தொடங்கி, சில நாளுக்கு ஒருமுறை 5 அல்லது 10 என்று ஏற்றுகிறார். பலருக்கு 60-க்கும் 120-க்கும் இடையில் எங்கோ நிலைப்படும்.

சிக்கல் இரண்டாம் மூன்றாம் நாளில் வரும். "மருந்து பத்தலடா, தூக்கமே வரல" என்பார். சொல்வது உண்மைதான், அளவு இன்னும் எட்டவில்லை. பாவமே என்று யாராவது தூக்க மாத்திரை கொடுப்பார்கள், அல்லது ஒரு போத்தல் சம்சு, அதாவது மலிவுச் சாராயம். மெத்தடோன், மது, தூக்க மாத்திரை மூன்றுமே மூச்சை மந்தப்படுத்துபவை. அவர் அதைக் குடிக்கும் இரவில்தான் மெத்தடோனும் சேர்ந்து ஏறிக்கொண்டிருக்கும். முதல் இரண்டு வாரம் ஆபத்தானது என்பதற்குக் காரணம் இதுதான். பத்தவில்லை என்றால் மறுநாள் காலை கிளினிக்கில் சொல்லட்டும், நீங்களும் கூடப் போய்ச் சொல்லுங்கள்.

சொல்லும்போது மில்லியா, மில்லிகிராமா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். இங்குள்ள சிரப்பில் ஒரு மில்லிலிட்டருக்கு 5 மில்லிகிராம் மருந்து. 80 மில்லிகிராம் என்பது வெறும் 16 மில்லி. இரண்டையும் குழப்பினால் ஐந்து மடங்கு பிசகும்.

தவறிய நாள்களுக்கும் கணக்கு உண்டு. ஒரு நாள் தவறினால் பெரிதாக ஒன்றும் ஆகாது. மறுநாள் வழக்கமான அளவுதான், இரண்டு நாளுக்கும் சேர்த்துக் கேட்கக் கூடாது. மூன்று நாள் தொடர்ந்து தவறினால் உடம்பின் தாங்கும் சக்தி இறங்கத் தொடங்கியிருக்கும். பழைய 80 இப்போது அதிகம். மருத்துவர் பார்த்து அளவைக் குறைப்பார். ஐந்து நாளுக்கு மேல் என்றால் பெரும்பாலும் முதலிலிருந்து. இதைத் தண்டனை என்று நினைத்து "நேத்துதான் வந்தேன்" என்று பொய் சொல்கிறவர்கள் உண்டு. அந்தப் பொய்யில் உயிர் போகலாம். தீபாவளிக்கு ஊர் மாறிப் போவதென்றால் ஒரு வாரம் முன்பே கிளினிக்கில் ஏற்பாடு கேளுங்கள். தைப்பூச விரதம் என்று மருந்தை நிறுத்தக் கிளம்பினால் வீட்டுப் பெரியவரை வைத்துப் பேசுங்கள். மெத்தடோன் குடித்துக்கொண்டே காவடி எடுக்கலாம்.

காசநோய் மருந்து ரிஃபாம்பிசின் தொடங்கினால் கவனம் வேண்டும். அது கல்லீரலை முடுக்கிவிட்டு மெத்தடோனை வேகமாகக் கழித்துவிடும். ஒன்றிரண்டு வாரத்தில் பழைய குடைச்சல் திரும்பும். லயத்தில் எல்லோரும் "திரும்ப அடிக்கிறான்" என்று முடிவு கட்டுவார்கள். அவருக்குத் தேவை அளவு உயர்வு. ரிஃபாம்பிசின் முடிந்த பிறகு அந்த உயர்வை இறக்கவும் வேண்டும், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

மலச்சிக்கல், வியர்வை, வாய் வறண்டு பல் சொத்தையாவது எல்லாம் சாதாரணம். தண்ணீரும் பல் தேய்ப்பதும் உதவும். வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் போத்தலைப் பூட்டி வையுங்கள். ஐஸ்பெட்டியில் பிள்ளைகள் குடிக்கும் சிரோப் போத்தலுக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். குழந்தைக்கு ஒரு மிடறே உயிருக்கு ஆபத்து.

எழுப்பினால் எழவில்லை, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருக்கிறது, மூச்சு அரிதாக வருகிறது, அல்லது என்றைக்கும் இல்லாத கரகரப்பான குறட்டை. "அசந்து தூங்குறான், விடு" என்று விட்டுவிடாதீர்கள். 999-ஐ அழைத்து மெத்தடோன் என்று சொல்லுங்கள். மூச்சு நின்றுபோயிருந்தால் வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பக்கத்திலேயே இருங்கள். மருத்துவமனையில் மெத்தடோனை முறிக்கும் நலோக்சோன் ஊசி போட்டதும் சில நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்து வீட்டுக்குப் போகணும் என்று அடம்பிடிப்பார். அந்த ஊசி அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம்வரைதான் வேலை செய்யும், மெத்தடோனோ நாளைக்கும் இருக்கும். ஊசி அடங்கியதும் மூச்சு மறுபடி இறங்கும். கையெழுத்துப் போட்டுக் கூட்டிவர வேண்டாம். ஒரு கைலியும் போன் சார்ஜரும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, இரவு அங்கேயே இருக்கச் சொல்லுங்கள்.