பிரஷ் கட்டரின் கழுத்தில் புல் சுற்றிக்கொள்வது ஏன்?

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த கையோடு தென்னந்தோப்புகளில் களை இடுப்பளவுக்கு நிற்கும். கீழே கோரையும் தர்ப்பையும், அவற்றின் மேல் ஏறிப் படர்ந்த கோவை, முடக்கத்தான் கொடிகளும். அதற்குள் பிரஷ் கட்டரை, அதாவது நீளத் தண்டின் நுனியில் சுழலும் பிளேடு வைத்த களைவெட்டும் மெஷினை, இறக்கினால் கொஞ்ச நேரத்திலேயே சத்தம் மாறிவிடும். கீச்சென்று ஓடிக்கொண்டிருந்த என்ஜின் திணறி இறங்கும், தலைப்பக்கமிருந்து பச்சைப்புல் கருகும் வாசனை வரும். நிறுத்திப் பார்த்தால் பிளேடுக்கு மேலே, கியர் பாக்ஸுக்குக் கீழே கழுத்து மாதிரி உள்ள அந்தச் சின்ன இடுக்கில் புல்லும் கொடியும் வடமாக முறுக்கேறி இறுகிக் கிடக்கும். இழுத்தால் வராது. கத்தி வைத்து அறுத்தால்தான் வரும்.

எல்லாருக்கும் பழகிப்போன தொல்லை என்பதால் பிய்த்துப் போட்டுவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்கிறோம். ஆனால் கியர் ஹெட்டின், அதாவது கியர் பாக்ஸ் உள்ள தலைப்பகுதியின், ஆயுளைக் குறைப்பதில் இந்தச் சுற்றலுக்குப் பெரிய பங்கு உண்டு. இது எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் பாதிக்கு மேல் தவிர்த்துவிடலாம்.

முதலில் அந்தப் பிடி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். துறைமுகத்தில் படகைக் கட்டுகிறவரைக் கவனித்திருப்பீர்கள். கயிற்றைக் கரையிலுள்ள குட்டைத்தூணில் இரண்டு மூன்று சுற்று சுற்றிவிட்டு, நுனியை ஒரு கையால் பிடித்துக்கொண்டே முழுப் படகையும் நிறுத்திவிடுவார். லியோனார்ட் ஆய்லர் 18ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கணக்காக எழுதினார். பிற்பாடு ஜெர்மன் பொறியாளர் எய்டல்வைன் பெயரும் அந்தச் சூத்திரத்தோடு சேர்ந்துகொண்டது. அது சொல்வது இவ்வளவுதான்: சுற்று கூடக்கூடப் பிடி கூட்டல் கணக்கில் ஏறாது, பெருக்கல் கணக்கில் ஏறும். உராய்வுக் கெழு (இரண்டு பரப்புகள் எவ்வளவு பற்றிக்கொள்கின்றன என்பதன் அளவு) 0.3 என்று வைத்துக்கொண்டால், ஒரு சுற்றுக்குப் பிடி சுமார் 6.6 மடங்கு. இரண்டு சுற்றுக்கு 43 மடங்கு. மூன்று சுற்றுக்கு 286 மடங்கு. அதாவது புல்லின் ஒரு நுனியில் 10 கிராம் எடையளவுக்கு ஏதோ ஒன்று லேசாகப் பிடித்திருந்தாலே போதும். மூன்று சுற்று முடிந்ததும் மறுமுனையைக் கிட்டத்தட்ட 3 கிலோ எடையளவுக்கு இழுத்தாலும் வழுக்காது.

இந்தச் சூத்திரத்தில் என்னை எப்போதும் வியக்க வைக்கும் விஷயம், சுற்றப்படும் தண்டு எவ்வளவு பருமன் என்பது அதில் வரவே வராது என்பதுதான். எத்தனை சுற்று என்பது மட்டுமே கணக்கு. ஆனால் நம் புல்லுக்கு ஒரு நீளம் இருக்கிறதே! பருமன் அங்கேதான் பின்வாசல் வழியாக நுழைகிறது. 4 சென்டிமீட்டர் விட்டமுள்ள கழுத்தின் சுற்றளவு சுமார் 12.5 சென்டிமீட்டர். 60 சென்டிமீட்டர் நீளப் புல் அதில் கிட்டத்தட்ட 5 சுற்று சுற்றும். கணக்குப்படி பிடி 8,000 மடங்கு வரை போகும். புல் அதற்கு முன்பே அறுந்துவிடும் என்பது வேறு, வழுக்கிக் கழலாது என்பதுதான் இதன் பொருள். அதே புல்லை 10 சென்டிமீட்டர் விட்டத்தில் சுற்றவிட்டால் இரண்டு சுற்றுகூட முழுதாக வராது. பிடி 40 மடங்குக்குள் நின்றுவிடும், சுழலும் வேகத்தில் உதறிக்கொண்டு வெளியே போகவும் வாய்ப்பு உண்டு. விட்டம் இரண்டரை மடங்கு கூடியதற்குப் பிடி 200 மடங்கு குறைகிறது.

பிளேடுக்கு மேலே கிண்ணம் கவிழ்த்த மாதிரி ஒரு உலோகக் கவசம் சில மெஷின்களில் இருக்கும். அது என்ன வேலை செய்கிறது என்பது இப்போது விளங்கும். கியர் ஹெட்டோடு சேர்ந்து அசையாமல் நிற்கிற விளிம்பும், பிளேடோடு சுழல்கிற அகலமான வளையமும் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நிற்கும்படி இதை அமைக்கிறார்கள். ஒல்லியான சுழல்தண்டு வெளியே தெரியாது. புல்லுக்குக் கிடைப்பது அகலமான வளையம் மட்டும். தூசியும் நாரும் உள்ளே போக வேண்டுமானால் வளைந்து வளைந்து போயாக வேண்டும். பலர் இதைச் சுத்தம் செய்யக் கழற்றிவிட்டுத் திரும்ப மாட்டுவதே இல்லை. "இது இல்லாமலும் ஓடுதே" என்பார்கள். ஓடும்தான். ஆனால் அந்தக் கவசத்தைத் தூக்கி வீசிய நாளிலிருந்து பேரிங்கின் நாட்கள் எண்ணப்படுகின்றன.

சரி, வெட்டுவதற்கென்றே செய்த மெஷின், தன் கழுத்தில் விழும் புல்லை ஏன் வெட்டுவதில்லை? காரணம் வேகம். அரிவாளில் அறுக்கும்போது ஒரு கை புல்லைப் பிடித்துக்கொள்கிறது. பிரஷ் கட்டரில் அந்தக் கை கிடையாது. புல் தன் கனத்தாலும் விறைப்பாலும் ஒரு கணம் நின்ற இடத்தில் நிற்கிறது. அந்தக் கணத்துக்குள் விளிம்பு அதைக் கடந்துவிட வேண்டும். பிளேடுக்குப் பதிலாக மாட்டும் நைலான் கயிற்றை எடுத்துக்கொள்வோம். 40 சென்டிமீட்டர் அகலத்துக்கு வெட்டும் கயிறு, நிமிடத்துக்கு 7,000 சுற்றில் சுழன்றால் நுனியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 147 மீட்டர். அதே சுழற்சியில் 4 சென்டிமீட்டர் கழுத்தின் மேற்பரப்பு நொடிக்கு 15 மீட்டருக்கும் குறைவாகவே போகிறது. வேகம் பத்தில் ஒன்று. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் அடியின் பலம் நூறில் ஒன்று. போதாக்குறைக்கு அங்கே கூரான விளிம்பும் இல்லை. நுனியில் அறுபடுகிற அதே புல், நடுவில் வளைந்து ஒட்டிக்கொள்கிறது. அடுத்த அரைச் சுற்றில் ஆய்லரின் கணக்கு தொடங்கிவிடுகிறது.

நைலான் கயிற்றால் புல் வெட்டும் இந்த முறையே 1971இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஜார்ஜ் பாலஸ் கண்டுபிடித்தது. கார் கழுவும் நிலையத்தில் சுழலும் தூரிகை இழைகள் விறைத்து நிற்பதைப் பார்த்தவருக்கு யோசனை பிறந்தது. பாப்கார்ன் டப்பாவில் துளை போட்டுத் தூண்டில் நரம்பைக் கோத்துச் சுழலவிட்டார். தொங்குகிற நரம்பைக் கத்தியாக்குவது வேகம் ஒன்றுதான். வேகம் குறைந்தால் அந்த நரம்பும் வெறும் நரம்புதான், புல்லோடு சேர்ந்து அதுவும் முறுக்கிக்கொள்ளும்.

அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் புல்லுக்குள் நுழைவதற்கு முன்பே முழு ஆக்ஸிலேட்டர் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டு கயிறு, 7,000 சுற்று என்றால் நொடிக்கு 233 வெட்டு. தலையை நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் வீசினால் ஒவ்வொரு வெட்டுக்கும் 4 மில்லிமீட்டர் சொச்சம்தான் பங்கு. சுழற்சி பாதியாகக் குறைந்தால் பங்கு இரட்டிப்பாகும், வெட்டும் ஆற்றல் கால் பங்காகும். அறுபடாத புல் உள்ளே போகும், அது சுற்றிச் சுழற்சியை இன்னும் இறக்கும். ஒன்று மற்றொன்றை வளர்க்கிற இந்தச் சுழலில் மாட்டிய பிறகு ஆக்ஸிலேட்டரை அழுத்துவதால் பயனில்லை. தலையைத் தூக்கி வெளியே எடுப்பதுதான் வழி.

உயரமான புல்லை அடியில் ஒரே வீச்சாக வெட்டுவதுதான் சுற்றலுக்கு நாமே வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது. ஒரு மீட்டர் உயரப் புல்லை அடியில் அறுத்தால் முழு நீளமும் அப்படியே தலைமேல் சாய்கிறது. முதலில் மேல்பாதியை வெட்டித் தள்ளிவிட்டு, அப்புறம் கீழே இறங்கினால் ஒவ்வொரு துண்டும் பாதி நீளம்தான். பாதி நீளம் என்றால் சுற்றுகளின் எண்ணிக்கையும் பாதி. பிடி எத்தனை மடங்கு குறையும் என்பதற்கு மேலே உள்ள எண்களே போதும். நேரம் கூடுதலாகும் என்று சொல்பவர்கள், நடுவில் நிறுத்தி நிறுத்தி அறுத்தெடுக்கும் நேரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வீசும் திசையும் முக்கியம். பெரும்பாலான பிரஷ் கட்டர்கள் மேலிருந்து பார்த்தால் இடஞ்சுழியாகச் சுற்றும். எனவே வலமிருந்து இடமாக வீசும்போது வெட்ட வேண்டும், இடமிருந்து வலம் வருவது வெறும் திரும்பும் வீச்சு. தலையின் இடது முன்பக்கம் புல்லைச் சந்திக்கும்படி பார்த்துக்கொண்டால் அறுபட்ட புல் இடப்பக்கம் வரிசையாக விழும், தலைக்கு அடியில் வந்து குவியாது. வலது முன்பக்கத்தைக் கொடுத்தால் சுற்றுவது மட்டுமல்ல, பிளேடு கட்டையில் பட்டால் மெஷினே வலப்பக்கம் எகிறும்.

கொடிகள் தனி வகை. கோவைக்கொடிக்கு வேர் ஓரிடம், நுனி எங்கோ. பல மீட்டர் நீளம் இருப்பதால் சுற்றுக்கு முடிவே இருக்காது. அதன் தண்டில் நார்க்கற்றைகள் நீளவாக்கில் ஓடுகின்றன, இழுத்தால் சுலபத்தில் அறாது. கொடி அடர்ந்த இடத்தில் மெஷினை இறக்குமுன் அரிவாளால் நான்கைந்து இடத்தில் குறுக்கே கொத்திவிடுவது நல்லது. வேலிக் கம்பியில் ஏறிய கொடியைக் கையால் இழுத்துப் போட்டுவிட வேண்டும். பழைய சணல், பிளாஸ்டிக் சரடு, கிழிந்த நிழல்வலை இவையெல்லாம் புல்லைவிட ஆபத்து, அறவே அறாதவை.

பொழுதையும் கவனிக்கலாம். காலைப் பனியில் புல் செல்கள் நீர் நிறைந்து விறைப்பாக நிற்பதால் நன்றாக அறுபடும், ஆனால் ஈரத்தில் கார்டுக்கு (பிளேடுக்கு மேலுள்ள பாதுகாப்புத் தடுப்புக்கு) அடியில் அப்பிக்கொள்ளும். உச்சி வெயிலில் வாடிய புல் துவண்டு, வெட்டுக்கு வளைந்து கொடுத்துச் சுற்றும். பனி உலர்ந்த பிறகு, வெயில் ஏறுவதற்குள் இருக்கிற நேரம்தான் எனக்குத் தெரிந்து மிகத் தோதானது.

இவ்வளவு பார்த்தும் சுற்றத்தான் செய்யும். அப்போது உள்ளே நடப்பதைத் தெரிந்துகொள்ள, பிளேடைக் கழற்றி அதன் மேலே இருக்கும் வாஷரை எடுத்துப் பாருங்கள். நட்டுக்கு எதிர்ப்புரி இருக்கும். வழக்கத்துக்கு மாறாக வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். வேலையின்போது பிளேடில் விழும் எதிர்விசை நட்டை இறுக்கவே செய்ய வேண்டும் என்பதற்காக இப்படிச் செய்திருக்கிறார்கள். வாஷருக்குப் பின்னால் தலைமுடி அளவுக்கு மெல்லிய நார்கள் வட்டமாக, பாய் பின்னியது மாதிரி அமுங்கியிருக்கும். அதையும் எடுத்தால், கிரீஸ் வெளியே வராமல் அடைத்து நிற்கும் ரப்பர் சீலின் உதட்டைச் சுற்றிக் கருப்பாக ஒரு பசை. கசிந்த கிரீஸும் புல் தூளும் மண்ணும் கலந்தது அது. புல்வகைத் தாவரங்கள் இலையிலும் தண்டிலும் சிலிக்காவைச் சேர்த்து வைக்கின்றன, விளிம்பில் விரலை இழுத்தால் கீறுவது அதனால்தான். அந்தச் சிலிக்காவும் மணலும் ஏறிய நார், நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை ரப்பர் உதட்டை அரம் போல ராவுகிறது. உதடு தேய்ந்ததும் கிரீஸ் வெளியே வரும், மண்ணும் நீரும் உள்ளே போகும். கையால் பிளேடைச் சுற்றும்போது கரகரவென்று உணர்ந்தால் பேரிங் போகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். வாஷருக்குக் கீழே சிக்கிய நார் இன்னொன்றும் செய்யும். பிளேடு சமமாக உட்காராமல் தள்ளாடும், அந்த அதிர்வு நேரே பிடித்திருப்பவரின் கைக்கு வரும்.

என்ஜின் பக்கம் அடிபடுவது கிளட்ச். மையவிலக்கு விசையில் விரிந்து டிரம்மைப் பிடிக்கும் கட்டைகள் அதில் உள்ளன. சுழற்சி இறங்கினால் அவை முழுதாகப் பிடிக்காமல் வழுக்கும், வழுக்கல் சூடாகும். பேட்டரி மெஷினில் கதை வேறு. மோட்டார் சுழலும்போது அதுவே எதிர் மின்னழுத்தம் உண்டாக்கி மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. சுழற்சி நின்றால் அந்தத் தடை போய்விடும், மின்னோட்டம் எகிறும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் சுருளில் வெப்பம் நான்கு மடங்கு. நல்ல மெஷின்களில் மின்னணுச் சுற்று உடனே துண்டித்துவிடும். அப்படி நின்றதும் மறுபடி மறுபடி சுவிட்சை அழுத்துவது மோட்டாரைச் சமைப்பதற்குச் சமம்.

மக்கிட்டா போன்ற சில நிறுவனங்களின் பேட்டரி மெஷின்களில் எதிர்த்திசையில் சுழற்ற ஒரு பொத்தான் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அது. ஒரே ஒரு சுற்று பிரிந்தாலே பிடி ஆறில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும், இரண்டாவது சுற்றில் புல் தானே உதிரும். எந்தக் கணக்கு கழுத்தை இறுக்கியதோ அதுவே விடுவிக்கவும் செய்கிறது. முழுச் சுழற்சியையே கைவிட்ட வடிவமைப்பும் இருக்கிறது. ஜப்பானில் செய்யப்படும் ஒருவகைத் தலையில் பல்வைத்த இரண்டு வட்டத் தகடுகள் ஒன்றுக்கொன்று எதிராக முன்னும் பின்னும் கொஞ்சமே அசைந்து கத்தரிக்கோல் வேலையைச் செய்கின்றன. முழுச் சுற்றே இல்லாததால் சுற்றிக்கொள்ள இடமில்லை. வேலிச்செடி கத்தரிக்கும் மெஷினில் கொடி மாட்டினாலும் வடமாக முறுக்காததற்கு இதே காரணம்தான்.

மற்ற மெஷின்களில் கத்திதான் வழி. முதலில் என்ஜினை அணைத்து ஸ்பார்க் பிளக்கின் மூடியைக் கழற்றுங்கள், பேட்டரி என்றால் பேட்டரியை வெளியே எடுங்கள். ஐடிலில் ஓடவிட்டுக் கை வைப்பது விரலைப் பணயம் வைப்பது, இதில் விதிவிலக்கே கிடையாது. பிறகு சுற்றைப் பிரிக்க முயல வேண்டாம். கொக்கிக் கத்தியைத் தண்டின் நீளவாக்கில் வைத்து ஒரே கீறலில் எல்லாச் சுற்றையும் குறுக்கே அறுத்தால் மொத்தமும் ஒரே சமயத்தில் விட்டுவிடும். கத்தி சீலின் பக்கம் போகாமல் வெளிநோக்கி இருக்கட்டும். இதை அன்றைக்கே செய்துவிட வேண்டும். செடிச்சாறு இரவில் உலர்ந்து பசையாக இறுகிவிட்டால் மறுநாள் சுரண்டத்தான் வேண்டியிருக்கும். என்ஜினின் குளிர்விப்புத் துடுப்புகளுக்கு நடுவே அடைந்த புல் தூளையும் அப்போதே பிரஷ்ஷால் தட்டிவிடலாம்.

கடைசியாகக் கியர் ஹெட்டின் பக்கவாட்டுத் திருகைக் கழற்றிக் கிரீஸ் அளவைப் பாருங்கள். முக்கால் பங்கு நிறைந்திருந்தால் போதும். வழிய வழிய அடைத்தால் சூட்டில் விரியும் கிரீஸ் அதே ரப்பர் சீலைத்தான் வெளியே தள்ளும்.