மிளகு போடாத மிளகு வாசனை

பிரான்ஸில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "கோட் டு ரோன் ஒயின் பாட்டிலின் பின்பக்கத்தில் ஸ்ட்ராபெரி, மிளகு என்று போட்டிருக்கிறது. மிளகு கலக்கிறார்களா? என் மனைவி மிளகு வாசனை நன்றாக வருகிறது என்கிறார், எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. சும்மா கதை விடுகிறார்களா?"

மிளகும் கலப்பதில்லை, ஸ்ட்ராபெரியும் கலப்பதில்லை. தென்கிழக்கு பிரான்ஸில் ரோன் ஆற்றை ஒட்டி விளையும் திராட்சைதான் எல்லாம். 1937இல் இந்தப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. சிவப்பு ஒயினில் பெரும்பாலும் மூன்று ரகங்கள் சேரும். கிரெனாஷ் வெயிலில் நன்றாகப் பழுத்துச் சர்க்கரையைச் சேர்த்துக்கொள்ளும். ஈஸ்ட் அதை ஆல்கஹாலாக்கும். சிராவும் மூர்வேத்ரும் நிறத்தையும் துவர்ப்பையும் கொடுக்கும். துவர்ப்பு எப்படி வருகிறது என்று நாவல் பழம் தின்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டானின் என்னும் பொருள் எச்சிலில் உள்ள புரதங்களோடு ஒட்டிக்கொள்ள, நாக்கின் வழவழப்பு போய்விடுகிறது. கிரெனாஷில் டானின் குறைவு. புதிதாகக் குடிப்பவர்கள்கூட கோட் டு ரோனை முகம் சுளிக்காமல் குடிப்பதற்கு அதுவே காரணம்.

சரி, மிளகுக்கு வருவோம்.

சிரா ஒயினில் மிளகு வாசனை இருப்பது வெகுகாலமாகத் தெரிந்ததுதான். எந்த மூலக்கூறு என்பதுதான் பிடிபடவில்லை. ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனத்தார் இதைத் தேடிப் போனார்கள். முதலில் ஆல்ஃபா இலாஞ்சீன் என்ற ஒன்று சிக்கியது. மிளகு வாசனை கூடிய திராட்சையில் அதுவும் கூடியிருந்தது. ஆனால் அதற்கு மிளகு வாசனையே இல்லை. திருடனின் கூட்டாளி அகப்பட்டான், திருடன் அகப்படவில்லை.

அப்புறம் அவர்கள் நம்பியது மூக்கை. ஒரு கருவி சாற்றில் உள்ள வாசனைப் பொருள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒரு குழாய் வழியாக வெளியே விடும். குழாயின் முனையில் ஓர் ஆள் மூக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எந்த நிமிடத்தில் "இதோ மிளகு!" என்கிறாரோ, அப்போது வெளிவருவதுதான் குற்றவாளி. லட்சக்கணக்கில் விலையுள்ள இயந்திரத்தின் கடைசி உறுப்பு ஒரு மனித மூக்கு என்பதில் எனக்குத் தனி சந்தோஷம்.

2008இல் விடை வெளியானது: ரோட்டண்டோன். மிளகையும் சோதித்துப் பார்த்தால் அதிலும் அதேதான், மிளகு வாசனை மிகுந்த ஒயினில் இருப்பதைப்போலச் சுமார் பத்தாயிரம் மடங்கு. பெயர் வந்த கதை நம் ஊருக்கே வருகிறது. இந்தப் பொருள் முன்பே கோரைக்கிழங்கில் கண்டறியப்பட்டிருந்தது. கோரையின் தாவரவியல் பெயர் சைப்பரஸ் ரோட்டண்டஸ். குளியல் பொடிக்கு நாட்டு மருந்துக் கடையில் வாங்குவோமே, அதே கிழங்குதான்.

சிவப்பு ஒயினில் லிட்டருக்கு 16 நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். கணக்குப் போட்டால், ஒரே ஒரு கிராம் ஆறு கோடி லிட்டர் ஒயினுக்குப் போதும்! திராட்சைத் தோலில், பழுக்கும் பருவத்தின் கடைசியில் இது சேர்கிறது. குளிர்ச்சியான ஆண்டுகளிலும் நிழல் விழும் குலைகளிலும் அதிகம் சேரும். மிளகின் காரம் மட்டும் ஒயினில் கிடையாது. காரத்துக்குக் காரணம் பைப்பரீன். அது திராட்சையில் இல்லை.

ஒரு ஆதங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். மிளகு நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் கொடி. அதன் வாசனையின் முக்கியப் புள்ளியைக் கண்டுபிடித்தவர்கள் ஒயின்காரர்கள். ஆஸ்திரேலியாவில் திராட்சை விவசாயிகள் கட்டும் தீர்வையில் ஒரு பகுதி இத்தகைய ஆராய்ச்சிக்குப் போகிறது. "வாசனையை ஆராய்ந்து என்ன லாபம்?" என்று கேட்டே நாம் ஃபைலை மூடியிருப்போம்.

இனி வாசகர் வீட்டு வழக்கு. அதே ஆய்வில் மோந்து பார்த்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு ரோட்டண்டோன் தெரியவே இல்லை. மற்றவர்கள் தண்ணீரில் உணர்ந்துகொண்ட அளவைப்போல 500 மடங்கு கொடுத்தும் அவர்களுக்கு அது வெறும் தண்ணீர்தான். நீங்களும் அந்தக் கூட்டத்தில் ஒருவராக இருக்கலாம். உங்கள் மனைவி கதை விடவில்லை.