எடிஷன்: பதிப்பா, அச்சா?

பழைய புத்தகச் சந்தையில் 'ஃபர்ஸ்ட் எடிஷன்' என்று சொன்னாலே விலை ஏறிவிடும். அதனால் அந்தச் சொல்லைத் தாராளமாகவே புழங்குகிறார்கள். சிறுவர்களுக்கான பழைய வரலாற்று நூல்களில் இந்தத் தாராளம் இன்னும் அதிகம். அவை பல்லாண்டுகள் தொடர்ந்து அச்சாகி, பள்ளிப் பரிசாகக் கைமாறி, ஆண்டு குறிக்காமலும் வெளிவந்தவை.

எடிஷன் என்பதன் வேர் இலத்தீன். 'எடெரே' என்றால் வெளியே கொடுப்பது, வெளியிடுவது. வேரை மட்டும் பார்த்தால் தமிழில் 'வெளியீடு' என்றுதான் வரவேண்டும். நாமோ 'பதிப்பு' என்கிறோம். கால் தடம் பதிகிறது, முத்திரை பதிக்கிறோம். பதித்தல் என்றால் அழுந்தச் செய்தல். அப்படிப் பார்த்தால் அது, ஒரு தடவை அச்சடித்ததைக் குறிக்கும் 'இம்ப்ரெஷன்' என்ற சொல்லுக்குத்தான் நேர் இணை, ஏனென்றால் அதன் இலத்தீன் வேரின் பொருளும் அழுத்துவதுதான்.

அதற்காகச் சொல்லை மாற்றக் கிளம்ப வேண்டாம். ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டு, பாடம் தேர்ந்து, நூல்களை அச்சேற்றியவர்களின் உழைப்பு அந்தச் சொல்லுக்கு வேறொரு கனத்தைக் கொடுத்துவிட்டது. 1887இல் வந்த உ.வே.சாமிநாதையரின் சீவக சிந்தாமணிப் பதிப்பு என்று சொல்லும்போது நாம் தாளில் மை ஒட்டியதைச் சொல்வதில்லை. நூலின் வாசகம் நிலைபெற்றதைச் சொல்கிறோம். 'பதிப்பாசிரியர்' என்ற சொல்லும் இதற்குச் சாட்சி. ஆகவே எடிஷனுக்குப் பதிப்பு என்பதே இருக்கட்டும்.

இம்ப்ரெஷனுக்கு? 'அச்சு' என்ற சொல் தயாராகவே இருக்கிறது. ஒரே உருவைத் திரும்பத் திரும்ப எடுக்கும் வார்ப்பு அது. அப்பாவை உரித்து வைத்த பிள்ளையை 'அச்சில் வார்த்தாற்போல' என்று சொல்வதும் அதனால்தான்.

நூலியலாளர்கள் வரையறுப்பது இப்படி: ஏறத்தாழ மாறாத ஒரே எழுத்துக்கோப்பிலிருந்து, அதாவது அச்செழுத்துகளைக் கோத்த ஒரே அமைப்பிலிருந்து, எடுத்த படிகள் எல்லாம் சேர்ந்து ஒரு பதிப்பு. அதில் ஒரு தடவையில் அச்சடித்த படிகள் ஓர் அச்சு. ஒரு பதிப்புக்குள் பத்து அச்சுகளும் இருக்கலாம். சேகரிப்பவர்கள் 'ஃபர்ஸ்ட் எடிஷன்' என்று ஆசையோடு தேடுவது உண்மையில் முதற்பதிப்பின் முதல் அச்சைத்தான். தமிழ்ப் புத்தகங்களில் எதையும் திருத்தாமல் மறுபடி அச்சடித்துவிட்டு 'இரண்டாம் பதிப்பு' என்று போடுவது சகஜம். அது மறு அச்சு, அவ்வளவுதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலப் பதிப்பாளர்களும் இதில் யோக்கியர்கள் இல்லை. ஸ்டீரியோடைப் என்னும் வார்ப்புத் தகடுகள் பரவிய பிறகு, ஒருமுறை கோத்த பக்கங்களைத் தகடாக வார்த்து வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் அச்சடிக்க முடிந்தது. பழைய தகட்டுக்குப் புது முகப்புத் தாளை வைத்து 'புதிய பதிப்பு' என்று போட்டவர்கள் உண்டு. 'பத்தாவது ஆயிரம்' போன்ற குறிப்பும் சில முகப்புகளில் இருக்கும். அது விற்பனைப் பெருமை. பதிப்பின் எண்ணிக்கை அல்ல.

சரி, கையில் இருக்கும் நூல் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வரலாற்று நூலுக்கு மட்டும் ஒரு வசதி உண்டு: கதை எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்க்கலாம். அரசர் பட்டியலில் விக்டோரியாவின் மறைவு இருந்தால் 1901 ஜனவரிக்கு முன் அச்சாகியிருக்க முடியாது. ஆனால் இந்தத் துப்பு ஒரு பக்கம்தான் வெட்டும். விக்டோரியா பட்டமேறிய 1837இல் கதை முடிகிறது என்பதற்காக அந்தப் படியும் 1837ஐ ஒட்டியது என்று முடிவுகட்டக் கூடாது. பழைய தகடே இருபது வருடம் கழித்தும் ஓடியிருக்கலாம்.

வாசகமே வளர்ந்த நூல்களும் உண்டு. மரியா கால்காட் எழுதிய 'லிட்டில் ஆர்தர்ஸ் ஹிஸ்டரி ஆஃப் இங்கிலாந்து' 1835இல் வந்தது. ஆசிரியர் 1842இல் மறைந்தார். அவர் காணாத நிகழ்ச்சிகளைச் சேர்த்துக்கொண்டு நூல் தொடர்ந்து வெளிவந்தது. இவற்றைப் புதிய பதிப்பு என்று சொன்னால் பொருந்தும்.

முகப்பில் உள்ள ஆண்டையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. வருடக் கடைசியில் வெளிவரும் நூல் பழசாகத் தெரியக் கூடாதென்று அடுத்த வருடத்தைப் போடுவார்கள். வால்டர் ஸ்காட் தன் பேரனுக்காக எழுதிய ஸ்காட்லாந்து வரலாற்றுக் கதைகளின் முதல் வரிசை கடைக்கு வந்தது 1827 டிசம்பரில், முகப்பில் 1828.

டிக்கன்ஸின் 'எ சைல்ட்ஸ் ஹிஸ்டரி ஆஃப் இங்கிலாந்து' இதைவிடச் சுவாரசியம். 1851 முதல் 1853 வரை 'ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்' இதழில் தொடராக வந்து, பிராட்பரி அண்ட் எவன்ஸ் நிறுவனத்தால் மூன்று தொகுதிகளாக நூலானது. தொகுதிகளில் முறையே 1852, 1853, 1854 என்று இருக்கும். மூன்றிலும் ஒரே வருடம் இருந்தால்தான் நிறைவாகத் தோன்றும், இல்லையா? இங்கே அப்படி இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

வாசகம் அதேதான் என்றாலும் நாடு மாறினால் பெயரும் மாறலாம். எச்.இ. மார்ஷல் எழுதி 1905இல் டி.சி. அண்ட் இ.சி. ஜாக் வெளியிட்ட 'அவர் ஐலண்ட் ஸ்டோரி' அமெரிக்காவுக்குப் போனபோது 'ஆன் ஐலண்ட் ஸ்டோரி' ஆனது. அந்தக் குழந்தைகளுக்கு அது 'நம்' தீவு இல்லையே!

ஆண்டே இல்லாத நூலில் உடல்தான் பேச வேண்டும். 'f' போலத் தோன்றும் பழைய நீண்ட எஸ் எழுத்து இருந்தால் பெரும்பாலும் 1800ஐ ஒட்டியோ அதற்கு முன்போ. பதிப்பாளரே கட்டிக்கொடுத்த துணி அட்டை 1820களுக்குப் பிறகு பரவியது. படத்தை உருப்பெருக்கியில் பார்த்தால் வரிசை வரிசையாகப் புள்ளிகள் தெரிகின்றனவா? அது ஹாஃப்டோன்; 1880களுக்கு முன் கொண்டுபோக வேண்டாம். பதிப்பாளரின் முகவரியும் கடைசித் தாள்களில் உள்ள நூல் விளம்பரங்களும் மிகவும் உதவும், காரணம் விளம்பரத்தில் உள்ள நூல்கள் எப்போது வந்தவை என்று தேடிவிடலாம். உள்ளட்டையில் ஒட்டிய பரிசுச் சீட்டு, இதற்குப் பின் அச்சாகியிருக்க முடியாது என்ற எல்லையைத் தரும். 1883இல் பரிசாகக் கொடுத்திருந்தால் அந்தப் படி அந்த வருடமோ அதற்கு முன்போ அச்சானது. விற்காமல் கிடந்ததைப் பரிசாகக் கொடுத்திருக்கவும் வாய்ப்புண்டு என்பதால் அதையே அச்சான ஆண்டாக எழுதிவிடக் கூடாது.

இன்னும் ஒரு சொல் பாக்கி: 'இஷ்யூ'. அச்சடித்த அதே தாள்களுக்கு வேறு முகப்போ வேறு பதிப்பாளர் பெயரோ சேர்த்து விற்பனைக்கு விடுவது இது. எடிஷனுக்குக் கொடுக்காமல் விட்ட 'வெளியீடு' இங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது.

ஆகவே பட்டியலில் எழுதும்போது 'முதற்பதிப்பு, மூன்றாம் அச்சு' என்று இரண்டையும் பிரித்து எழுதுங்கள். நூலில் இல்லாமல் நாமாகக் கணித்த ஆண்டைச் சதுர அடைப்புக்குள் போடுவது வழக்கம்: [1875 அளவில்].