மேக்கப்பே தேவையில்லை

கொரோனா அடங்கி ஊரே முகக்கவசத்தைக் கழற்றியபோது அந்தப் பையனும் கழற்றியவன்தான். பாடசாலையில் நாடகப் பயிற்சி தொடங்கி இரண்டாம் வாரம் மறுபடி எடுத்துப் போட்டுக்கொண்டான். பிறகு கழற்றவே இல்லை. நாலு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தாய் அவனை வெள்ளவத்தையில் உள்ள என் அறைக்குக் கூட்டிவந்தார்.

"மிஸ், சாப்பிடேக்க மட்டும்தான் கழட்டுறான். அதுவும் சுவரைப் பார்த்துக்கொண்டு."

நான் உளவளத்துணையாளர். கொழும்பில் பதினைந்து வருடங்களுக்கு மேல் இந்த வேலை செய்கிறேன். இங்கே வருகிற எல்லோருடைய விவரங்களையும் அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் எழுதுகிறேன். பையனுக்குப் பதினாலு வயது என்று வைத்துக்கொள்ளுங்கள். உதட்டுப் பிளவோடு பிறந்தவன். கைக்குழந்தையாக இருக்கும்போதே சத்திரசிகிச்சை செய்துவிட்டார்கள். மேலுதட்டிலிருந்து மூக்கு வரை மெல்லிய தழும்பு ஒன்று மிச்சம். அதை அவன் ஒரு விஷயமாகவே நினைத்ததில்லை. கிரிக்கெட் அடிப்பான், வகுப்பில் பகிடி விடுவான், நன்றாக நடிப்பான். நடிப்பில்தான் வினை வந்தது.

சின்ன வகுப்பில் கம்சன். பிறகு சூரபத்மன். கடைசியாகப் போதைப்பொருள் விழிப்புணர்வு நாடகத்தில் குடு விற்பவன். பயிற்சியின்போது ஆசிரியை அன்போடுதான் சொன்னாராம்: "இவனுக்கு மேக்கப்பே தேவையில்லை." எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அன்று பின்னேரம் வீட்டுக் குளியலறையில் நின்று, தன் முகத்தில் எது குடு விற்பவனுடைய முகம் என்று தேடியிருக்கிறான். தேடினால் கிடைக்காமல் போகுமா?

நாங்கள் எல்லோரும் சொல்கிற வார்த்தைதான் இது. "அந்தப் பாத்திரத்துக்கென்றே பிறந்தவர்", "ஆள் அச்சு அசல்". நடிகருக்கு அது பாராட்டு. ஆனால் அதற்குள் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. முகமும் குணமும் ஒட்டிப் பிறந்தவை என்ற நம்பிக்கை. திரையில் தொடங்குவது திரையோடு நின்றுவிட்டால் எனக்கு வேலை இருந்திராது.

முரளிதரனைப் பற்றிய '800' படம் 2023 ஒக்டோபரில் வெளிவந்தபோது, மதுர் மிட்டலைப் பார்த்து "அப்படியே முரளிதான்" என்று இங்கே பலர் சொன்னார்கள். சரி. ஆனால் 2020இல் அதே படத்துக்கு விஜய் சேதுபதியை வைத்து முதல் தோற்றப் படத்தை வெளியிட்டிருந்தார்கள். எதிர்ப்புக் கிளம்பி அவர் விலகும் முன்பு, அதைப் பார்த்தும் "அச்சு அசல்" என்று சொன்னவர்கள் இருந்தார்கள். இந்த இரண்டு நடிகர்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். அண்ணன் தம்பி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். முடியை வெட்டும் விதம், பந்தை விடும் கணத்தில் அகல விரியும் கண்கள், கை சுழலும் கோணம், இலங்கை ஜெர்சி. இவ்வளவும் சேர்ந்தால் மிச்சத்தை எங்கள் கண்ணே நிரப்பிக்கொள்கிறது.

இதில் வேடிக்கை, கண் நிரப்பிக்கொண்ட ஒன்றால் தன் விளையாட்டு வாழ்க்கையில் பாதியைப் பதில் சொல்லியே கழித்தவர் முரளி. பிறவியிலேயே முழுதாக நீட்ட முடியாத முழங்கை அவருக்கு. 1995 டிசம்பரில் மெல்பேர்னில் நடுவர் டரல் ஹெயர், முழங்கையை நிமிர்த்திப் பந்தை எறிகிறார் என்று 7 தடவை நோபோல் கொடுத்தார். கண்ணுக்கு அது எறிவதுபோலத்தான் தெரிந்தது. மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங்கிலும் ஆய்வுகூடத்தில் அளந்து பார்த்தவர்கள், எறிவதுபோன்ற காட்சி மயக்கம் என்றார்கள். பிற்பாடு மற்றப் பந்துவீச்சாளர்களையும் அளந்தபோது, "சுத்தமான" பந்துவீச்சு என்று பேரெடுத்தவர்களில் அநேகமாக எல்லோருடைய முழங்கையும் கொஞ்சமாவது நிமிர்வது தெரிந்தது. முழங்கை 15 பாகை வரை நிமிரலாம் என்ற எல்லை அதற்குப் பிறகுதான் வந்தது. அளக்கிற கருவி வரும்வரை கண் சொன்னதுதான் தீர்ப்பு. மனிதனின் குணத்தை அளக்க அப்படி ஒரு கருவி இல்லை என்பதுதான் எங்கள் துறையின் சங்கடம்.

முகத்தைப் பார்த்து ஆளை எடைபோட எங்களுக்கு எவ்வளவு நேரம் தேவை? பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜனைன் வில்லிஸ், அலெக்சாண்டர் டொடோரோவ் ஆகிய இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாத முகங்களை ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் காட்டினார்கள். அதற்குள் "நம்பலாம், நம்பக்கூடாது" என்று ஆட்கள் முடிவெடுத்துவிட்டார்கள். கூடுதல் நேரம் கொடுத்தபோது முடிவு பெரிதாக மாறவில்லை, அதில் இருந்த நிச்சயம்தான் கூடியது. அவ்வளவு வேகமாக எடுக்கும் முடிவு சரியாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் ஏதும் இல்லையே.

இன்னொன்று பழைய ஆய்வு. 1967. எட்வர்ட் ஜோன்ஸும் விக்டர் ஹாரிஸும் மாணவர்களுக்கு ஃபிடெல் காஸ்ட்ரோவைப் பற்றிய கட்டுரைகளை வாசிக்கக் கொடுத்தார்கள். சில ஆதரித்து, சில எதிர்த்து. "இதை எழுதியவர் விரும்பி எழுதவில்லை, இந்தப் பக்கம் நின்று எழுது என்று சொல்லி எழுத வைத்தது" என்று சொன்ன பிறகும், எழுதியவரின் உண்மையான கருத்து அதுதான் என்றே பலர் நினைத்தார்கள். எனக்கு இது எப்போதும் நாடக ஆய்வாகத்தான் தெரியும். வசனத்தை யாரோ எழுதிக் கொடுத்தார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். தெரிந்தும், பேசிய வாயைத்தான் பிடித்துக்கொள்கிறோம்.

எம்.என். நம்பியாரைவிட இதற்கு உதாரணம் வேண்டாம். கையைப் பிசைந்துகொண்டு அவர் திரையில் வந்தாலே கொட்டகையில் சாபம் விழும் என்று எங்கள் அம்மம்மா சொல்வார். வெளியே அவர் மரக்கறி மட்டும் சாப்பிடுபவர், குடிக்காதவர், வருடாவருடம் சபரிமலைக்கு ஆட்களைக் கூட்டிப்போகும் குருசாமி.

அது பழைய காலம், இப்போது எல்லோருக்கும் விவரம் தெரியும் என்று நினைக்காதீர்கள். ஒரு குறும்படத்தில் பெண்சாதிக்கு அடிக்கும் குடிகாரனாக நடித்த இளைஞர் ஒருவர் என்னிடம் வந்தார். பகலில் வங்கியில் வேலை. கலியாணம் பேசி, குறிப்பும் பொருந்தி, பெண்ணுக்கும் அவரைப் பிடித்துப்போன நேரத்தில் பெண்ணின் மாமி யூடியூபில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டார். "நடிப்புத்தான், விளங்குது. எண்டாலும் அவ்வளவு இயல்பா அடிக்கிறார் எண்டால்..." மாமியின் இந்த 'எண்டாலும்' அந்தச் சம்பந்தத்தை முடித்துவிட்டது. அந்தத் தம்பி என்னிடம் கேட்ட கேள்வி இதுதான்: "மிஸ், நான் மோசமா நடிச்சிருக்க வேணுமோ?" சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

தழும்பு விஷயத்துக்கு வருகிறேன், பையனுடைய விஷயம் அதுதானே. 2017இல் ஒரு தோல் மருத்துவ சஞ்சிகையில் வந்த ஆய்வு: அமெரிக்கத் திரைப்படக் கழகத்தின் பட்டியலில் முதல் 10 வில்லன்களை எடுத்துப் பார்த்தால் 6 பேருக்கு முகத்திலோ தலையிலோ தோலில் ஏதோ ஒன்று. தழும்பு, சுருக்கம், கருவளையம், முடி கொட்டிய தலை. 2018இல் பிரிட்டனில் முகத்தில் மாற்றம் உள்ளவர்களுக்கான தொண்டு நிறுவனம் ஒன்று, "நான் உங்கள் வில்லன் இல்லை" என்று பிரசாரம் தொடங்கியது. தழும்பைக் கெட்டவனுக்கு அடையாளமாக்கும் படங்களுக்கு இனிப் பணம் கொடுக்க மாட்டோம் என்று பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் உடனே அறிவித்தது. எங்கள் பக்கம் தழும்போடு கறுப்பு நிறத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெட்டுக்காயம், கறுத்த உடம்பு, சிவந்த கண். ஆள் வாய் திறக்கத் தேவையில்லை.

இத்தனைக்கும் எங்கள் கூத்தில் இந்தக் கட்டாயம் கிடையாது. மட்டக்களப்பு வடமோடிக் கூத்தில் அரசனாக வருபவர் பகலில் வயலில் நிற்பவர். உடல்வாகையும் பார்ப்பார்கள்தான், ஆனால் கூத்துப் பழக்கும் அண்ணாவியாருக்குக் குரலும் ஆட்டமும்தான் பெரிது. கரப்புடுப்பு என்ற கூத்து உடையும் கிரீடமும் அணிந்து, மத்தளத்துக்கு ஆடிக்கொண்டு, கூத்தாடும் களரிக்குள் வந்து, தான் யார் என்று வரவுப் பாட்டில் சொல்லிவிட்டால் அவர் அரசன். மீசையை மழித்த ஆண் வந்து பாடினால் அவர்தான் சந்திரமதி. 'பார்த்தால் அப்படி இருக்கிறாரா' என்று யாரும் கேட்பதில்லை. விடிந்ததும் உடுப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். பாத்திரம் உடுப்போடு போய்விடும். கமரா முகத்தைக் கிட்டத்தில் காட்டும் அண்மைக்காட்சி என்ற ஒன்று வந்த பிறகுதான் நாங்கள் முகத்தின் துளைகளில் குணத்தைத் தேட ஆரம்பித்தோம் என்பது என் சொந்த அபிப்பிராயம்.

என் அறையில் ஒரு பிஸ்கட் டின் நிறைய கலர் பென்சில்கள் இருக்கின்றன. சின்னப் பிள்ளைகள் வந்தால் சில நேரம் "ஒரு கெட்ட ஆளைக் கீறுங்கோ" என்று கடதாசி கொடுப்பேன். மீசை வரும். பெரிய கண் வரும். கன்னத்தில் ஒரு கோடு, அந்தக் கோட்டுக்குக் குறுக்கே தையல்போலச் சின்னச் சின்னக் கோடுகள். இந்தத் தையலை அவர்கள் வாழ்க்கையில் பார்த்திருக்க மாட்டார்கள், கார்ட்டூனில் பார்த்தது. முகம் முழுக்கக் கறுப்புப் பென்சில். அந்த டின்னில் எப்போதும் முதலில் தேய்ந்து முடிவது கறுப்புத்தான்.

ஒன்பது வயதுப் பிள்ளை ஒருத்தியும் அப்படித்தான் கீறினாள். வீட்டுக்கு வந்து பாடம் சொல்லிக்கொடுத்த ஒருவர் எல்லை மீறத் தொடங்கியிருந்தார். நல்லகாலம், தாய் ஆரம்பத்திலேயே கவனித்துவிட்டார். கீறிய படத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுப் பிள்ளை சொன்னாள்: "அந்த அங்கிள் இப்பிடி இல்லையே மிஸ். அவர் வடிவானவர். சிரிச்சுக்கொண்டே கதைப்பார்." அதனால்தான் அவளுக்கு யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை. கெட்டவர் எப்படி இருப்பார் என்று நாங்கள் அவளுக்குக் காட்டியிருந்தோம், அவர் அப்படி இருக்கவில்லை.

இந்த இடத்தில் பெற்றோரிடம் கொஞ்சம் நின்று கதைக்க வேண்டும். பிள்ளைகளிடம் அத்துமீறுபவர்களில் பெரும்பாலானோர் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்தவர்கள். வீட்டுக்கு வந்து போகிறவர்கள், நாங்களே "அங்கிளுக்கு வணக்கம் சொல்லு" என்று அறிமுகம் செய்து வைத்தவர்கள். ஆகவே "கெட்ட ஆட்களோடு போகாதே" என்று சொல்வதில் பிரயோசனம் குறைவு. பிள்ளை தன் தலைக்குள் இருக்கும் மீசைக்காரனைத்தான் தேடும். ஆளைச் சொல்லாமல் செயலைச் சொல்லிக் கொடுங்கள். "அம்மாவிடம் சொல்லாதே" என்று ஒருவர் சொன்னால், அவர் யாராக இருந்தாலும், அன்றைக்கே வந்து அம்மாவிடம் சொல்ல வேண்டும். காரணமில்லாமல் பரிசு தந்து மறைக்கச் சொன்னால் சொல்ல வேண்டும். தொட்டது பிடிக்காவிட்டால், தொட்டவர் எவ்வளவு நல்லவராகத் தெரிந்தாலும் சொல்ல வேண்டும். டிவியில் வில்லன் வரும்போது "ஆளைப் பார், கள்ளன் மாதிரி" என்று சொல்லும் பழக்கம் எனக்கும் இருந்தது. இப்போது "அவர் என்ன செய்தார்?" என்று என் மகளிடம் கேட்கிறேன். படம் பார்க்கும் சுவை கொஞ்சம் கெடுகிறது என்று அவள் குறைசொல்கிறாள். பரவாயில்லை.

சிறுவர் தொடர்பாகச் சந்தேகம் ஏதும் இருந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929க்கு அழைக்கலாம். மனம் தாங்காத நிலை வந்தால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இருக்கிறது. இரண்டையும் போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

நாடகம் பழக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். முதல் வாரம் பாத்திரத்தை யாருக்கும் கொடுக்காதீர்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டு ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவர் வாசிக்கட்டும். கண்ணன் மாதிரி இருக்கும் பிள்ளைக்குக் கண்ணனின் குரல் இல்லை என்பது இரண்டாம் நாளே தெரிந்துவிடும். நாடகம் முடிந்ததும் மேடைக்குப் பின்னால் பிள்ளைகளை வட்டமாக நிறுத்தி, ஒவ்வொருவராகத் தங்கள் சொந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள். வேஷத்தை இறக்கி வைக்க நாடகச் சிகிச்சையில் இப்படி ஏதாவது ஒன்றைச் செய்வார்கள். இரண்டு நிமிட வேலை. கெட்டவனாக, செத்தவனாக, அடிவாங்கியவளாக நடித்த பிள்ளைகளுக்கு அந்த இரண்டு நிமிடம் அவசியம். "மேக்கப்பே தேவையில்லை" என்பதை மட்டும் யாருக்கும் சொல்லாதீர்கள், தேவதையாக நடிக்கும் பிள்ளைக்கும்கூட.

பையனுடைய ஆசிரியையோடு, தாயின் சம்மதத்துடன், போனில் கதைத்தேன். பாவம், அவர் அழுதுவிட்டார். "நான் அவன்ட நடிப்பைத்தான் சொன்னனான் மிஸ்." அவர் சொன்னது பொய் என்று நான் நினைக்கவில்லை. அடுத்த நாடகத்துக்குச் சீட்டுக் குலுக்கும் முறையைச் செய்து பார்த்தார். பையன் ஒரு நாள் கண்ணனாக வாசித்தான், ஒரு நாள் நாரதராக, ஒரு நாள் தேவகியாகவும். எல்லாம் முடிந்து அவனவன் விருப்பத்தைக் கேட்டபோது இவன் மறுபடி கம்சனைக் கேட்டிருக்கிறான். என்னடா இது என்று அடுத்த முறை வந்தபோது விசாரித்தேன்.

"கண்ணனுக்கு வசனமே இல்லை மிஸ். சும்மா நிண்டு சிரிக்கிறதுதான். கம்சனுக்குத்தான் நடிக்க இருக்கு."

முகக்கவசம் அன்றைக்கு நாடிக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. போகும்போது அதை என் மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டான். மறந்துபோய்த்தான் என்று நினைக்கிறேன். திரும்ப வந்து எடுக்கவில்லை.