மண்மதிலைக் கட்டிவைத்த ஈரம்

"மண்சுவர் மழைக்குத் தாங்குகிறதே, வெள்ளம் தேங்கினால் மட்டும் ஏன் சரிகிறது?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இதே காரணத்தால் ஒரு நாடே அழிந்திருக்கிறது.

கி.மு. 225, சீனா. அங்கே சின் நாடு அண்டை அரசுகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தது. அடுத்த இலக்கு வெய். அதன் தலைநகர் தாலியாங், இன்றைய கைஃபெங் பகுதியில் இருந்தது. சின் தளபதி வாங் பென், மஞ்சள் ஆற்று நீரையும் ஹோங்கோ கால்வாய் நீரையும் நகரின்மேல் திருப்பிவிட்டார். அந்தக் கால்வாய் வெய் நாட்டவரே வெட்டியது! மூன்று மாதத்தில் மதில் இடிந்தது, அரசன் சரணடைந்தான்.

அக்காலச் சீன மதில்கள் பெரும்பாலும் மண்ணாலானவை. இருபுறமும் பலகை அடைத்து, லேசான ஈரமுள்ள மண்ணைக் கொட்டி, அடுக்கடுக்காகத் திமிசு போட்டு இறுக்குவார்கள். அதைப் பிடித்துவைப்பது எது? களிமண்ணின் ஒட்டுந்தன்மை ஒரு பங்கு. இன்னொரு பெரும்பங்கு தண்ணீருடையது.

காய்ந்ததாகத் தெரியும் சுவருக்குள்ளும் துகள்கள் தொட்டுக்கொள்ளும் இடுக்குகளில் துளி ஈரம் தங்கியிருக்கும். அதன் மேற்பரப்பு உட்குழிந்திருக்கும். பரப்பு இழுவிசையால் துளிக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைந்து, இரு துகள்களும் நெருக்கிப் பிடிக்கப்படுகின்றன. குழிவு சிறுக்கச் சிறுக்கப் பிடி இறுகும்: ஆரம் ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்றால் அழுத்த வேறுபாடு வளிமண்டல அழுத்தத்தைப் போல் சுமார் 1.4 மடங்கு. கண்ணுக்கே தெரியாத ஈரம் மதிலையே கட்டிவைக்கிறது என்பதை எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. கடற்கரையில் ஈரமணலில் கட்டிய வீடு நிற்பதும் இதே பிடியில்தான்.

மழையில் வெளிப்புறம் நனைந்து, வெயிலில் காய்ந்துவிடும். சீனாவின் ஜெங்ஜோ நகரில் ஷாங் அரசமரபுக் காலத்து மண்மதில் 3,000 ஆண்டுகளைத் தாண்டியும் மிஞ்சியிருக்கிறது. தேங்கிய வெள்ளமோ உள்ளே ஊர்ந்து ஒவ்வோர் இடுக்கையும் நிரப்புகிறது. முழுக்க நிரம்பிய இடுக்கில் குழிந்த பரப்பு ஏது? பிடி விட்டுப்போகிறது. மேலே மதிலின் முழு எடை, அடியில் சேறு. இறுக்கிய மண்ணில் நீர் மிக மெதுவாகவே நகரும். மூன்று மாதம் ஆனதில் அதற்கும் பங்கு இருந்திருக்கும்.

பிற்காலத்தில் அந்த இடிபாடுகளை நேரில் பார்த்த வரலாற்றாசிரியர் சிமா சியென், சின் வெல்ல வேண்டுமென்பது வானத்தின் கட்டளை, எப்பேர்ப்பட்ட அமைச்சர் இருந்தும் பயனில்லை என்று எழுதினார். அவர்மேல் எனக்குப் பெருமதிப்பு உண்டு, ஆனாலும் இதை ஏற்க முடியவில்லை. வானத்தின்மேல் பழியைப் போட்டால் மதிலின் அடிமண்ணை யாரும் சோதிக்கமாட்டார்கள். மண்ணின் வலிமையை அதிலுள்ள நீரின் அழுத்தத்தோடு சேர்த்துக் கணக்கிடும் முறையை 1920-களில் பொறியாளர் கார்ல் டெர்சாகி உருவாக்கினார். அடைமழையில் மலைச்சரிவு இறங்குவதை விளக்குவதும் அந்த வழிவந்த கணக்குதான். மண் ஆய்வுக்குப் பணம் ஒதுக்குவதில் அரசுகள் கஞ்சத்தனம் காட்டவே கூடாது.